ஒலியை அளந்த ஆசிரியர்

அழகிய மண்டபமொன்றில் பேச்சு விளங்காவிட்டால் நாம் பேச்சாளரையோ ஒலிபெருக்கியையோ குறை சொல்கிறோம். குறை சுவர்களிலும் இருக்கலாம் என்பதை நான் வொலஸ் கிளெமென்ட் சபினின் வாழ்க்கையிலிருந்தே அறிந்தேன்.

1868இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் பிறந்த அவர், ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் கற்பித்தார். அங்கே புதிதாய் எழுந்த ஃபொக் கலைக்கூடத்தின் அரைவட்ட விரிவுரை மண்டபத்தில் ஒரு சொல் ஐந்து வினாடிக்கு மேல் முழங்கி, அடுத்த சொற்களை விழுங்கியது. 1895இல் அதைச் சீராக்கும் பொறுப்பு இளைஞரான சபினிடம் வந்தது.

இரவின் அமைதியில் ஓகன் குழாயொன்றை ஒலிக்கச் செய்து நிறுத்துவார். ஓசை காதிலிருந்து மறையும்வரை நேரத்தை அளப்பார். அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து பரப்பினார். மெத்தைகள் கூடக்கூட முழக்கம் குறுகியது. தாம் உடுத்திருந்த ஆடையும் ஒலியை உறிஞ்சுவதைக் கண்டு, சோதனைகளுக்கு எப்போதும் ஒரே உடையை அணிந்தார்.

மண்டபத்தின் கனவளவு கூடினால் முழக்கம் நீளும். ஒலியை உறிஞ்சும் பொருள் கூடினால் குறையும். எந்த மூலையில் நின்று அளந்தாலும் அந்த நேரம் ஏறத்தாழ ஒன்றே. இதுவே அவர் கண்ட விதி. 1900இல் திறக்கப்பட்ட பொஸ்டன் சிம்பனி மண்டபத்தின் ஒலியமைப்பை இவ்வறிவைக் கொண்டே அவர் வகுத்தார்.

1919இல் ஐம்பது வயதிலேயே அவர் மறைந்தார். ஒலி உறிஞ்சலின் அலகு இன்றும் சபின் எனப்படுகிறது. கடைசி வரிசையில் இருப்பவருக்கும் சொல் தெளிவாய்ச் சேரவேண்டும் என்பதற்காக உறக்கத்தைத் துறந்த அந்த ஆசிரியரை நான் பெரிதும் மதிக்கிறேன்.