மின்கோவ்ஸ்கி: காலத்தையும் இடத்தையும் ஒரே படத்தில் வரைந்தவர்

ஐன்ஸ்டீன் என்ற பெயரைக் கேள்வியுறாத படிப்பாளி நம் தேசத்தில் இல்லை. அவருடைய சார்புத் தத்துவத்தைப் பற்றி ஒரு வார்த்தையேனும் பேசாதவர்களும் சிலரே. ஆனால் பேசுவோரில் பலர், உலகில் யாவும் அவரவர் நோக்கைப் பொறுத்தவை, நிச்சயமான உண்மை என்று ஒன்று கிடையாது என்பதே அத்தத்துவத்தின் சாரம் என்று எண்ணியிருக்கின்றனர். இந்த அபிப்பிராயம் முற்றிலும் தவறானது. இத்தவறு நீங்குவதற்கு ஐன்ஸ்டீனுக்குக் கணிதம் போதித்த ஆசிரியர் ஒருவரின் சரிதத்தை அறிந்துகொள்வது நல்ல வழியாகும். அவர் பெயர் ஹெர்மான் மின்கோவ்ஸ்கி.

அவர் 1864-ம் வருஷம் ஜூன் மாதம் 22-ந் தேதி, அப்போது ருஷியச் சக்கரவர்த்தியின் ஆளுகைக்குட்பட்டிருந்த லிதுவேனியாவில், கௌனஸ் நகருக்கருகே அலெக்ஸோடாஸ் என்னும் ஊரில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். ஜார் ஆட்சியில் யூதர்களுக்குக் குடியிருக்கும் இடத்திலும் தொழிலிலும் சட்டத் தடைகள் இருந்தன. 1872-ல் குடும்பத்தார் எல்லையைக் கடந்து, தத்துவஞானி காண்ட் வாழ்ந்த கோனிக்ஸ்பர்க் நகரில் குடியேறினர். இவருடைய தமையனார் ஆஸ்கார், கணையத்துக்கும் நீரிழிவு நோய்க்கும் உள்ள தொடர்பை 1889-ல் மேரிங் என்பவருடன் சேர்ந்து கண்டறிந்த வைத்திய நிபுணர்.

ஒரு முழு எண்ணை ஐந்து வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எத்தனை விதங்களில் எழுதலாம் என்ற கேள்விக்கு விடை காண்போருக்குப் பாரிஸ் விஞ்ஞான சபையார் ஒரு பெரும் பரிசை விளம்பரம் செய்திருந்தனர். கோனிக்ஸ்பர்க் ஸர்வகலாசாலையில் மாணவராயிருந்த மின்கோவ்ஸ்கி ஜெர்மன் பாஷையிலேயே விடை எழுதி அனுப்பினார். பிரெஞ்சில் எழுதவேண்டும் என்பது விதி. ஆயினும் 1883-ல் பரிசு இவருக்கும் ஆக்ஸ்போர்டு பேராசிரியர் ஹென்றி ஸ்மித்துக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. இவருக்கு வயது பதினெட்டு. ஸ்மித்தோ முடிவு வெளியாகுமுன்பே காலஞ்சென்றுவிட்டார். ஸ்மித் இதற்கான விடையைப் பல வருஷங்களுக்கு முன்பே சுருக்கமாகப் பிரசுரித்திருந்தபடியால், அதைப் பார்த்து எழுதியவர் இவ்வாலிபர் என்று பாரிஸ் பத்திரிகைகள் சில தூற்றின. ஜெர்மனியிடம் பிரான்ஸ் தோல்வியுற்ற புண் ஆறாத காலம் அது. ஆனால் ஹெர்மீட், ஜோர்டான் முதலிய பிரெஞ்சுக் கணித மேதைகள் தேசாபிமானத்தைக் காட்டிலும் நியாயத்தைப் பெரிதென மதித்து இவர் பக்கம் நின்றனர்.

பின்னர் பான், கோனிக்ஸ்பர்க், ஜூரிச் நகரங்களில் இவர் ஆசிரியராக அமர்ந்தார். ஹில்பர்ட், ஹூர்விட்ஸ் என்னும் இருவரும் இவருடைய உயிர் நண்பர்கள். எண் சாஸ்திரத்தின் கடினமான பிரச்னைகளை உருவங்களின் மூலம் தீர்ப்பதே இவருடைய தனித்திறமை. கோலப் புள்ளிகளைப்போல் வரிசையாகப் புள்ளிகளை வைத்து, ஒரு புள்ளியை மையமாகக் கொண்டு, இருபுறமும் ஒத்ததும் உட்குழிவு இல்லாததுமான ஓர் உருவத்தை வரைவோம். அதன் பரப்பு நான்கு கட்டங்களுக்கு மேற்பட்டால் இன்னொரு புள்ளியும் அதனுள் அகப்பட்டே தீரும். குழந்தையும் வரைந்து பார்க்கக்கூடிய இந்த உண்மையிலிருந்து பெரும் முடிவுகளை வருவித்து, 1896-ல் எண்களின் க்ஷேத்திர கணிதம் என்னும் புதிய சாஸ்திரத்தை நூலாக வெளியிட்டார்.

அதே 1896-ல் ஜூரிச் கலாசாலையில் மாணவராகச் சேர்ந்தவர் ஐன்ஸ்டீன். வகுப்புக்கு ஒழுங்காக வராத அவரை மின்கோவ்ஸ்கி உயர்வாக மதிக்கவில்லை. 1902-ல் மின்கோவ்ஸ்கி ஜெர்மனியிலுள்ள கொட்டிங்கன் ஸர்வகலாசாலைக்குச் சென்றார். நண்பருக்காக அங்கே ஒரு புதிய பேராசிரியர் பதவியையே ஹில்பர்ட் பெற்றுத் தந்தார். மூன்று வருஷங்களுக்குப்பின், சுவிட்ஸர்லாந்தின் கண்டுபிடிப்பு உரிமைக் காரியாலயத்தில் உத்தியோகம் பார்த்துவந்த அந்தப் பழைய மாணவர், உலகத்தையே திகைக்கவைத்த கட்டுரையைப் பிரசுரித்தார். ஒளியின் வேகம் யார் அளந்தாலும் வினாடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டரே. ஆகவே வேகமாகச் செல்லும் கடியாரம் மெதுவாக ஓடும், அளவுகோல் குறுகும் என்று அது கூறிற்று. ஆசிரியர் வியந்தார், ஆனால் வியப்போடு நிற்கவில்லை. அச்சமன்பாடுகளுக்குப் பின்னே ஓர் உருவம் மறைந்திருப்பதைக் கண்டார்.

1908-ம் வருஷம் செப்டம்பர் 21-ந் தேதி கோலோன் நகரில் கூடிய விஞ்ஞானிகள் மகாநாட்டில் அவ்வுருவத்தை அவர் வெளியிட்டார். காகிதத்தில் படுக்கையாக ஒரு கோடு, அது இடம். நிமிர்ந்து ஒரு கோடு, அது காலம். ஒரு நிகழ்ச்சி ஒரு புள்ளியாகும். அசையாமல் நிற்கும் மனிதனின் வாழ்க்கை நேராக மேலே செல்லும் கோடு. பிரயாணம் செய்பவனுடையது சாய்ந்த கோடு. மேல்நோக்கி ஒரு வினாடிக்கும் பக்கவாட்டில் 3 லட்சம் கிலோமீட்டருக்கும் சம அளவு கொண்டால், ஒளியின் கோடு இரண்டுக்கும் சரிநடுவே ஓடும். பிரயாணிக்குக் காலக்கோடு மாத்திரம் சாய்வதில்லை; ஏககாலத்தில் நிகழ்ந்தவற்றை இணைக்கும் கோடும் ஒளிக்கோட்டை நோக்கி அதே அளவு சாய்கிறது. ஆகவே நிற்பவனுக்கு ஒரே சமயத்தில் நிகழ்ந்தவை பிரயாணிக்கு முன்பின்னாகத் தோன்றும்.

நீதிஸ்தலங்களில் பழகியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இரண்டு சாட்சிகளின் வாக்குமூலம் நேரத்திலும் தூரத்திலும் மாறுபடுகிறது, இருவரும் பொய்யரல்லர். அப்போது இருவர் சொல்லிலும் மாறாதிருப்பது எது என்று தேடுவதே நீதிபதியின் கடமை. மின்கோவ்ஸ்கி அதைத் தேடிக் கண்டார். ஓரிடத்திலிருந்து புறப்பட்ட பிரயாணி 12 லட்சம் கிலோமீட்டர் அப்பாலுள்ள இடத்தை 5 வினாடியில் அடைந்ததாக நிற்பவன் கூறுகிறான். அத்தூரம் ஒளிக்கு 4 வினாடிப் பயணம். ஐந்தின் வர்க்கம் 25, நான்கின் வர்க்கம் 16, கழித்தால் 9. பிரயாணியோ தான் இருந்த இடத்திலேயே இருந்ததாகவும், தன் கடியாரத்தில் 3 வினாடியே சென்றதாகவும் கூறுகிறான். மூன்றின் வர்க்கம் 9. கழிக்கத் தூரம் இல்லை. வாக்குமூலங்கள் வேறு, ஒன்பது ஒன்றே. சாதாரண க்ஷேத்திர கணிதத்தில் வர்க்கங்களைக் கூட்டுகிறோம், இங்கே கழிக்கிறோம். புதுமையெல்லாம் அந்த ஒரு கழித்தல் குறியில் அடங்கியிருக்கிறது. வளைந்து செல்லும் வழி இங்கே காலத்தில் குறுகியதாகும். ஆகையால் அதே வேகத்தில் 5 வருஷம் சென்று 5 வருஷத்தில் திரும்பியவனுக்கு, ஊரிலிருந்த தம்பி 10 வயது மூத்திருக்க, 6 வயதே கூடியிருக்கும்.

இன்னொன்றும் மாறுவதில்லை. ஒரு நிகழ்ச்சியிலிருந்து கிளம்பும் ஒளிக்கோடுகளுக்கு உள்ளே இருப்பவற்றின் முன்பின் வரிசை எல்லோருக்கும் ஒன்றே. காரணத்துக்கு முன் காரியம் நிகழ்ந்ததாக எந்தப் பிரயாணியும் சொல்ல முடியாது. இதனால்தான் மின்கோவ்ஸ்கி சார்பு என்னும் பெயர் இத்தத்துவத்துக்குப் போதாது என்று கருதி, நிரபேட்சமான உலகைக் குறிக்கும் பெயரே பொருந்தும் என்று அப்பிரசங்கத்தில் தெரிவித்தார். உண்மை ஆளுக்கு ஆள் வேறு என்று கூறி இத்தத்துவத்தைத் துணைக்கழைப்போர் இதைக் கவனிப்பார்களாக.

அப்பிரசங்கம் முடிந்து நான்கு மாதங்கள்கூட ஆகவில்லை. 1909-ம் வருஷம் ஜனவரி 12-ந் தேதி குடல்வால் நோயினால் மின்கோவ்ஸ்கி திடீரென்று இறந்தார், வயது நாற்பத்துநான்கு. அவருடைய கட்டுரைகளைத் தொகுத்து 1911-ல் ஹில்பர்ட் வெளியிட்டார். ஆரம்பத்தில் இவ்வுருவக் கணிதத்தை வீண் பாண்டித்தியம் என்று ஒதுக்கிய ஐன்ஸ்டீன், 1912 வாக்கில் அதன் அருமையை உணர்ந்தார். ஆகர்ஷண சக்தியைப்பற்றி 1915-ல் அவர் முடித்த மகத்தான தத்துவம், ஆசிரியர் வரைந்த அப்படத்தையே வளைத்து அமைத்ததாகும். 1941-ல் அமெரிக்காவில் ரோஸி, ஹால் என்பவர்கள், வானிலிருந்து பாய்ந்துவரும் அற்பாயுளுள்ள அணுத்துகள்கள் வேகத்தினால் நீண்ட ஆயுள் பெறுவதைப் பரிசோதித்து நிரூபித்தனர். கழித்தல் குறிக்கு இயற்கையே சாட்சி கூறிற்று.

நம் தேசத்துக்கும் இதில் பங்குண்டு. 1920-ல் கல்கத்தா ஸர்வகலாசாலை, ஐன்ஸ்டீன், மின்கோவ்ஸ்கி இருவருடைய மூலக் கட்டுரைகளையும் ஆங்கிலத்தில் நூலாகப் பிரசுரித்தது. ஜெர்மன் மொழியிலிருந்து பெயர்த்தவர்கள் முப்பது வயது நிரம்பாத மேகநாத சாஹாவும் சத்தியேந்திரநாத போஸும். முன்னுரை எழுதியவர் மஹலனோபிஸ். அந்நிய ஆட்சியின்கீழ் இருந்த நாட்டில், வசதி வந்தபின் பார்க்கலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. இதற்கு நேர்மாறானதை ஜெர்மனி செய்தது. 1933-ல் நாஜி ஆட்சியினர் யூதர்கள் என்ற காரணத்தினால் மாக்ஸ் பார்ன், எம்மி நோய்தர் முதலிய மேதைகளைக் கொட்டிங்கனிலிருந்து விலக்கினர். மின்கோவ்ஸ்கி போற்றி வளர்த்த கலாசாலை சில மாதங்களில் பாழாயிற்று.

எட்டு வயதில் எல்லை கடந்துவந்த சிறுவனுக்கு இடம் கொடுத்தபோது கோனிக்ஸ்பர்க் அடைந்த லாபத்தையும், அவனைப்போன்றவர்களைத் துரத்தியபோது கொட்டிங்கன் அடைந்த நஷ்டத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது, கலாசாலைகளை நடத்தும் பொறுப்புடையோர் அனைவருக்கும் அவசியமாகும்.