மதுரைக் கோட்டையில் கான் சாஹிப்: உள்ளிருந்து வந்த வீழ்ச்சி

ராஜபாளையத்துக்கு வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூர், தெற்கே தென்காசிச் சாலையில் வாசுதேவநல்லூர். இன்று பேருந்தில் கடந்துபோகும் இந்த ஊர்களில் அன்று கோட்டைகள் இருந்தன. இரண்டையும் தன் வசமாக்கியவர் ஒரே தளபதி. அவர்தான் கான் சாஹிப் எனப்படும் முஹம்மது யூசுப் கான்.

இராமநாதபுரம் சீமையின் பனையூரில் வேளாளர் குடும்பத்தில் பிறந்து இஸ்லாத்தைத் தழுவியவர். மருதநாயகம் என்ற பெயராலும் அறியப்படுபவர். சாதாரணச் சிப்பாயாகத் தொடங்கி, கும்பினியின் இந்தியச் சிப்பாய்களுக்கெல்லாம் தளபதியானார். திருச்சி முற்றுகையின்போது, ஆங்கிலப் படைக்கு வந்த உணவு வண்டிகளை எதிரி கையில் சிக்காமல் கொண்டு சேர்த்தார். 1758-59இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையை முற்றுகையிட்டபோது, வெளியே நின்று அவர்களுக்கு உணவு கிடைக்காமல் செய்தார். கோட்டைச் சுவரைவிடக் களஞ்சியம் முக்கியம் என்பதை அறிந்தவர்.

1756இல் தெற்கே வந்தவர், பூலித்தேவருடன் பல ஆண்டுகள் போரிட்டார். 1761இல் நெற்கட்டும்செவலும் வாசுதேவநல்லூரும் வீழ்ந்தன. மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் ஆளுநராகக் குளங்களையும் கால்வாய்களையும் செப்பனிட்டார். மீனாட்சியம்மன் கோயிலுக்கும் உதவினார்.

அவருடைய வளர்ச்சி ஆற்காட்டு நவாப் முஹம்மது அலிக்கு உறுத்தியது. ஆண்டுக்கு 7 லட்சம் ரூபாய் குத்தகை தருவதாகக் கான் சாஹிப் சொல்லியும் ஏற்கப்படவில்லை. 1763இல் அவர் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். நவாப் படையும் கும்பினிப் படையும் மதுரையைச் சூழ்ந்தன.

முதல் முற்றுகை மழைக்காலம் வந்ததும் கைவிடப்பட்டது. 1764 ஜூன் 26 அன்று மேஜர் கேம்ப்பெல் நடத்திய பெருந்தாக்குதலும் முறியடிக்கப்பட்டது. அதன்பின் ஆங்கிலேயர் சுவரை விட்டுவிட்டு, கோட்டைக்குள் உணவு போகும் வழிகளை அடைத்தார்கள். கான் சாஹிபுக்கு நன்கு பழக்கமான உத்தி, இப்போது அவர்மீதே திரும்பியது.

கோட்டைக்குள் தானியம் தீர்ந்தது. குதிரை இறைச்சியைத் தின்னும் நிலை வந்தது. சிப்பாய்கள் தப்பியோடினர். சரணடைந்தால் போதும் என்ற பேச்சு அதிகாரிகளிடமும் பரவியது. அக்டோபர் 13 அன்று கான் சாஹிப் தொழுகையில் இருந்தபோது, திவான் சீனிவாச ராவ், மருத்துவர் பாபா சாஹிப், பிரெஞ்சுத் தளபதி மர்ச்சந்த் ஆகியோரின் கூட்டுச் சதியில் பிடிக்கப்பட்டு, அவருடைய தலைப்பாகையாலேயே கட்டப்பட்டார். 15ஆம் தேதி மதுரையில் தூக்கிலிடப்பட்டார். கும்பினிக்காகக் கோட்டைகளைப் பிடித்துக் கொடுத்தவருக்கு, அதே கும்பினி விசாரணைகூட நடத்தவில்லை.

மதுரை சம்மட்டிபுரத்தில் அவருடைய அடக்கத்தலமும் பள்ளிவாசலும் இன்றும் உள்ளன. பீரங்கிக்கு அசையாத அந்தக் கோட்டை, பசியால் வாடி நம்பிக்கை இழந்த சொந்த ஆட்களாலேயே வீழ்ந்தது. மதுரை செல்லும் குடும்பங்கள் பிள்ளைகளையும் அங்கே அழைத்துச் சென்று இந்த வரலாற்றைச் சொல்லலாம்.