மேரி கியூரி அம்மையார் பெற்ற டாக்டர் பட்டம்

நம் குடும்பங்களிலிருந்து உலோகவியலில் டாக்டர் பட்டத்திற்காக ஆராய்ச்சி செய்யப் புறப்படும் இளைஞரும் யுவதிகளும் இன்று அரியரல்லர். மேரி கியூரி அம்மையாரை ரேடியம் கண்டவராக நாம் அனைவரும் அறிவோம். அதற்கு முன்னர் அவர் எஃகைச் சோதித்து ஊதியம் பெற்றவர் என்பதைச் சிலரே அறிவர்.

1867-ஆம் ஆண்டு வார்ஸா நகரில் ஓர் ஆசிரியர் குடும்பத்தில் அவர் பிறந்தார். அந்நகரம் அக்காலத்தில் ருஷ்ய ஆட்சியில் இருந்தது. பெண்களுக்கு அங்கே சர்வகலாசாலைப் படிப்பு இல்லை. தமக்கையார் பாரிஸில் வைத்தியம் படிப்பதற்காகத் தங்கை பிறர் வீட்டுக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிப் பொருள் அனுப்பினார். பின்னர் தமக்கையின் ஆதரவில் 1891-இல் தாமும் பாரிஸ் சேர்ந்தார். 1893-இல் பௌதிகத்தில் முதலாவதாகத் தேறினார். 600 ரூபிள் உபகாரச் சம்பளமும் கிட்டியது. அதனால் கணிதமும் கற்றார்.

1894-இல் தேசியக் கைத்தொழில் ஊக்குவிப்புச் சங்கம் பலவகை எஃகுகளின் காந்தத் தன்மையை ஆராயும் பணியை அவருக்கு அளித்தது. பேராசிரியர் லிப்மானின் ஆய்வுச்சாலையில் போதிய இடமில்லை. இடம் தேடியபோதுதான் பியேர் கியூரியின் அறிமுகம் வாய்த்தது. காந்தவியலில் பெரும் புலமை பெற்றிருந்தும் பியேர் டாக்டர் பட்டத்திற்கு நூல் எழுதிக் கொடுக்காமலே காலங்கழித்து வந்தார்! மேரியின் தூண்டுதலால் 1895 மார்ச்சில் அதனைப் பெற்றார்; ஜூலையில் விவாகம் நடந்தது.

எஃகில் டங்ஸ்டன், மாலிப்டினம் போன்றவற்றைக் கலப்பதாலும், காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்குவதாலும் காந்தம் எவ்வளவு நிலைத்து நிற்கிறது என்று அம்மையார் அளந்தார். 1897-இல் அவ்வேலை முடிந்தது. மூத்த மகள் ஐரீனும் அவ்வாண்டே பிறந்தாள். எஃகு வேலையில் வந்த ஊதியத்திலிருந்து 600 ரூபிளைச் சேர்த்து, வேறொரு ஏழை மாணவருக்கு உதவட்டும் என்று உபகாரச் சம்பளம் தந்தவர்களிடமே திருப்பிக் கொடுத்தார். கேளாத கடனை இவ்வாறு தீர்த்த வேறொருவரை நாம் கேள்விப்பட்டதில்லை.

அதன்பின் தம் டாக்டர் பட்டத்திற்கு யுரேனியக் கதிர்களை எடுத்துக்கொண்டார். பிட்ச்பிளெண்டு என்னும் கனிப்பொருள் யுரேனியத்தைக் காட்டிலும் அதிகமாகக் கதிர் வீசியது. ஆகவே அதனுள் புதிய மூலகம் இருத்தல் வேண்டும். 1898-இல் தம்பதிகள் பொலோனியத்தையும் ரேடியத்தையும் அறிவித்தனர். ரசாயன அறிஞர்களோ, கண்ணால் கண்டு அணுநிறை தெரிந்தாலன்றி ஒப்புவதாயில்லை.

பொஹீமியாவின் ஜோவாக்கிம்ஸ்தாலிலிருந்து, யுரேனியம் எடுத்து எஞ்சிய கழிவு மண் மூட்டை மூட்டையாக வந்தது. முன்பு பிணங்களை அறுத்து வைத்தியம் பயின்ற ஒழுகும் கொட்டகை ஒன்றே ஆய்வுச்சாலை. ஒரு தடவைக்கு இருபது கிலோ வீதம் காய்ச்சி, தம் உயரத்துக்கு இருந்த இரும்புக் கோலால் நாள் முழுவதும் கிளறினார். வீட்டில் கைக்குழந்தை, வெளியே 1900 முதல் பெண்கள் கல்லூரியில் போதனை, உடலோ நாளுக்கு நாள் மெலிந்தது. ஏறத்தாழ நான்கு வருஷங்கள் இவ்வாறு கழிந்தன. 1902-இல் கிடைத்தது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு ரேடியம் குளோரைடு! அணுநிறை 225 என்று கணித்தார். அதே ஆண்டு மே மாதம் வார்ஸாவில் தந்தையார் காலமானார்.

1903 ஜூன் 25-ஆம் நாள் ஸார்போனில் பரீட்சை நடந்தது. லிப்மான், பூட்டி, மோய்ஸான் ஆகிய மூவரும் வினவினர். தமக்கையின் வற்புறுத்தலால் வாங்கிய புதிய கறுப்பு உடையில் அம்மையார் விடையளித்துப் பட்டம் பெற்றார். அன்றிரவு லாங்கெவின் இல்லத்தில் கூடிய நண்பர்களுக்குப் பியேர் இருளில் ஒளிரும் ரேடியக் குழாயைக் காட்டினார். ரதர்போர்டும் அங்கிருந்தார். அவ்வொளியில் பியேரின் விரல்கள் புண்பட்டிருந்ததை அவர் கண்டார்.

அவ்வாண்டு டிசம்பரில் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 1906-இல் பியேர் வண்டியில் சிக்கி இறந்தார். 1910-இல் ரேடியத்தை உலோகமாகவே பிரித்தெடுத்த அம்மையாருக்கு 1911-இல் மறுமுறையும் நோபல் பரிசு வந்தது. 1934 ஜூலை 4-ஆம் நாள் ரத்தம் ஊறாத நோயால் மறைந்தார். அவருடைய ஆராய்ச்சிக் குறிப்பேடுகளிலிருந்து இன்றும் கதிர் வீசுகிறது.