ஏழிலைப்பாலை நிழலில் ஒரு பள்ளி

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்தது நம் தொல்காப்பியம். பாடலுக்குரிய அவ்விரண்டையும் பள்ளிச் சிறுவர்க்கு முதற்பாடமாக்கிய பெருங்கவிஞர் ஒருவர் வங்கத்தில் வாழ்ந்தார். அவரே இரவீந்திரநாத் தாகூர். 1913ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற கவிஞராகவே அவரை நாம் பெரிதும் போற்றுகிறோம். நாற்பது ஆண்டுகள் ஒரு பள்ளியைக் கட்டிக் காத்த ஆசிரியர் அவர் என்பதை அத்துணை நினைப்பதில்லை. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து வானம் பார்த்த பூமியில் பத்தாண்டுகளாகத் தமிழ் வளர்த்துவரும் நம் இலக்கிய வட்டத்தார்க்கு அவ்வாசிரியரின் வாழ்வு மிக அணுக்கமானது.

1861 மே 7 அன்று கல்கத்தாவின் ஜோராசாங்கோ மாளிகையில் பிறந்த இரவீந்திரர், பள்ளிக்கு அஞ்சிய பிள்ளை. பள்ளிகள் பல மாறியும் எதிலும் மனம் ஒன்றவில்லை. வேலையாட்களின் காவலில் வீட்டினுள் அடைபட்டிருந்த சிறுவனுக்குச் சன்னல் வழியே தெரிந்த குளமும் ஆலமரமுமே உலகம்.

1873இல் தந்தை தேவேந்திரநாதர் அவரைப் பீர்பூம் மாவட்டத்துச் சாந்திநிகேதனுக்கு அழைத்துச் சென்றார். இரண்டு ஏழிலைப்பாலை மரங்களின் நிழலில் மனம் தோய்ந்து, 1863இல் தந்தை தமதாக்கிக்கொண்ட நிலம் அது. செம்மண்ணும் சரளைக் கல்லும் மழைநீர் அரித்த பள்ளங்களுமாய்க் கிடந்த வறண்ட மேட்டுநிலம். சிறுவன் அப்பள்ளங்களில் அலைந்து விதவிதமான கற்களை மடிநிறையப் பொறுக்கி வந்தான். தந்தை கடிந்துகொள்ளவில்லை. வியந்து பாராட்டி, அங்கிருந்த மண்மேட்டை அக்கற்களால் அழகுபடுத்தச் சொன்னார். பின்னாளில் எழுந்த பள்ளிக்கு வித்து அன்றே ஊன்றப்பட்டது எனலாம்.

1901 டிசம்பர் 22 அன்று அந்நிலத்திலேயே ஐந்து மாணவருடன் பள்ளி தொடங்கியது. மரத்தடியே வகுப்பறை, தரையே இருக்கை. அறிவியல் ஆசிரியர் ஜகதானந்த ராய் பூச்சிகள், செடிகொடிகள், வங்கத்துப் பறவைகள், விண்மீன்கள் பற்றி எளிய வங்க நூல்களை எழுதியவர். பொருள் முடை நேர்ந்தபோது கவிஞரின் துணைவியார் மிருணாளினி தம் நகைகளை விற்றுத் தந்தார். 1902 நவம்பரில் அவர் மறைந்தார். மறு ஆண்டில் மகள் ரேணுகாவும் மறைந்தாள்.

1907ஆம் ஆண்டு வசந்த பஞ்சமியன்று, கவிஞரின் இளைய மகன் சமீந்திரநாதன் தோழர் சிலருடன் சேர்ந்து பருவ விழா ஒன்றை நடத்தினான். சிறுவர்கள் பருவங்களாகவே வேடம் புனைந்தனர். சாந்திநிகேதனின் புகழ்மிக்க பருவ விழாக்களுக்குத் தோற்றுவாய் செய்தவன் அப்பத்து வயதுப் பாலகனே. அவ்வாண்டு நவம்பரிலேயே முங்கேரில் வாந்திபேதி கண்டு அவன் இறந்தான். தந்தை பள்ளியை மூடவில்லை, விழாவையும் நிறுத்தவில்லை. அடுத்த ஆண்டே மாணவர் நடிக்க, கூதிர்காலத்தைப் போற்றும் 'சாரதோத்சவ்' நாடகத்தை எழுதித் தந்தார். மழைக்கும் இளவேனிலுக்கும் பின்னர் அவர் இயற்றிய விழாப் பாடல்கள் பல. மகன் தொடங்கிவைத்ததைத் தந்தை வாழ்நாளெல்லாம் எழுதி நிறைவேற்றினார் என்றே கொள்ளத் தோன்றுகிறது.

1922இல் சுருல் சிற்றூரில், ஆங்கிலேய வேளாண் அறிஞர் எல்ம்ஹர்ஸ்ட் துணையுடன் ஸ்ரீநிகேதன் உருவாயிற்று. 1924இல் ஏழை உழவர் பிள்ளைகளுக்காகச் 'சிக்ஷா சத்ரா' எழுந்தது. தோட்டமிடுதலும் சமைத்தலும் நெய்தலும் அங்கே பாடங்கள். 1928 ஜூலையில் மரநடு விழாவும், கவிஞரே மேழி பிடித்த ஏர்மங்கல விழாவும் தொடங்கின. மரக்கன்றை மணமகள்போல் ஒப்பனை செய்து, பல்லக்கில் ஏற்றி, ஆடல் பாடலுடன் சுமந்து சென்று நட்டனர்.

1941 ஆகஸ்டு 7 அன்று கவிஞர் மறைந்தார். அந்நாளே அங்கு மரநடு நாளாயிற்று. ஆசிரியரின் நினைவுநாளில் கன்று நடுவதைக் காட்டிலும் பொருத்தமான அஞ்சலி வேறு யாது?

ஆயினும் அந்நாளை நாம் அப்படியே கடன்வாங்குதல் அவர் வழியாகாது. வங்கத்தில் அது அடைமழைக் காலம். நமக்கோ ஆடிக்காற்று புழுதி வாரும் காலம். ஐப்பசி, கார்த்திகையில் கரிசல் நனைந்து கண்மாயில் நீர் ஏறும்போதுதான் இங்கு நட்ட கன்று வேர்பிடிக்கும். கோடையில் கரிசல் விடும் வெடிப்பை அளத்தல், முதல் மழைக்குப் பின் ஊரும் தம்பலப்பூச்சியைக் கண்டு எழுதுதல், மாசியில் பருத்தி வெடிப்பதைப் பார்த்தல், வைகாசியில் நுங்கின் கண்களை எண்ணுதல் ஆகியவையே நம் சிறுவர்க்குரிய பருவப் பாடங்கள். சீமைக்கருவேலம் ஒன்றையே மரமென அறிந்து வளரும் பிள்ளைக்கு, உடையையும் வேம்பையும் பனையையும் பெயர் சொல்லி அறிமுகம் செய்தல் வேண்டும்.

அவ்விழாக்களுக்குப் பாடல்கள் தேவை. தாகூரின் பள்ளிக்குத் தாகூர் இருந்தார். குண்டாற்றங்கரைத் தொடக்கப் பள்ளிகளுக்கு நம் வட்டத்துக் கவிஞர்கள் இருக்கிறார்கள். பதினோராம் ஆண்டில் ஒவ்வொருவரும் பருவத்திற்கு ஒரு பாடல் எழுதி, அண்மையிலுள்ள பள்ளிக்கு நேரில் கொண்டுசென்று தருவார்களாக.