சத்திர வைத்தியத்தைத் தமிழாக்கிய கிறீன்

பெரியநீலாவணையில் தமிழ் கற்பிக்கும் யான் போற்றும் மருத்துவர் சாமுவேல் கிறீன். 1822-இல் அமெரிக்காவிற் பிறந்த அப்பெரியார் 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் இளைஞர்க்குத் தமிழிலேயே மேலைமருத்துவம் பயிற்றினார். சத்திர சிகிச்சை நூலொன்றை 'இரண வைத்தியம்' எனத் தமிழாக்கி, 1867-இல் வெளியிட்டார். 1884-இல் தாயகத்தில் மறைந்தார்.

அவருக்குப் பின் அத்துறை பெரிதும் வளர்ந்துவிட்டது. முள்ளந்தண்டுச் சத்திர சிகிச்சையின்போது நரம்புறை கிழிந்து உள்நீர் கசிவதுண்டு. கடுந்தலைவலியும், சிலர்க்கு மூளையுறை அழற்சியும் அதனால் நேரலாம். நுண்ணிய தையல், இரத்தப் புரதத்தாலான பசை, சிறுதுளை முறை ஆகியவற்றுள் எது கசிவை நன்கு தடுக்குமென ஆய்வாளர் ஒப்பிட்டு வருகின்றனர்.

சம்மதப் பத்திரத்திற் கையொப்பமிடும் நோயாளி இவற்றைத் தாய்மொழியில் அறிதல் வேண்டாவோ? கிறீன் தொடங்கிய பணியைத் தொடர்தல் நம் கடனன்றோ!