நாட்டைப் பாடி நாட்டாரை நகைத்த கவி

கொடியைக் கண்டு கைதட்டுவதும் மேடையேறி முழங்குவதுமே நாட்டுப்பற்றாயின், அதனினும் எளிய அறம் உலகில் வேறில்லை. இதனை நன்குணர்ந்து, தேசபக்தியைப் பாடிய வாயாலேயே போலித் தேசபக்தியை எள்ளி நகையாடியவர் மகாகவி சுப்பிரமணிய பாரதியார்.

1882 டிசெம்பர் 11ஆம் நாள் எட்டயபுரத்திற் பிறந்த அவர், இளமையிலேயே தாய் தந்தையரை இழந்து காசியிற் கல்வி கற்றார். 1904இல் மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியிற் சில மாதம் தமிழாசிரியராயிருந்து, பின் 'சுதேசமித்திர'னிற் சேர்ந்தார். 1906இல் தோன்றிய 'இந்தியா' வார இதழ் அவர்தம் போர்க்களமாயிற்று.

அந்நியரை ஏசுதல் அக்காலத்தில் ஆபத்தானது; தம்மவரை ஏசுதலோ அதனினும் கடினமானது. பாரதியார் இரண்டையும் செய்தார். 'நடிப்புச் சுதேசிகள்' என்னும் பாடலிலே, நாவில் வீரமும் நெஞ்சில் அச்சமும் கொண்டோரைக் கிளியை விளித்துப் பாடும் கண்ணியில் வைத்து நகைத்தார். பிச்சைக்காரனும் பாடக்கூடிய எளிய மெட்டு. ஆயின் கேட்போர் தம் முகத்தையே அதிற் காண்பர். மிதவாதத் தலைவரையும் அவர் நையாண்டி செய்யாது விட்டாரல்லர். எனினும் 1907இல் அவர் பாடல்களை அச்சிட்டு இலவசமாக வழங்கியவர் மிதவாதியான வி. கிருஷ்ணசாமி ஐயரே என்பதை எண்ணுங்கால், அக்காலப் பெரியோரின் உள்ளப் பெருமை நமக்கு வியப்பளிக்கின்றது.

பிறரை நகைத்தவர் தம்மைச் சோதனைக்கு உட்படுத்தாதிருந்தாரா? இல்லை. 1908இல் அடக்குமுறை மூளவே புதுச்சேரி புகுந்து பத்தாண்டுகள் வறுமையில் உழன்றார். அங்கே ஹரிஜன இளைஞரான கனகலிங்கத்துக்குப் பூணூல் அணிவித்தார். 1918இல் தாயகம் மீண்டபோது கடலூரருகே கைதானார். 1920இல் பொட்டல்புதூரிலே இஸ்லாத்தின் மாண்பினைக் குறித்துச் சொற்பொழிவாற்றினார். தம் நாட்டை நேசித்தவர், அந்நாட்டில் ஒருவரையும் அயலாராக எண்ணவில்லை. 1921 செப்டெம்பரில், முப்பத்தெட்டாம் வயதிலே மறைந்தார்.

நம் அட்டாளைச்சேனைக்கு அயலிலுள்ள காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள், 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராகிப் பாரதியின் பெருமையை அங்கு பரப்பினார் என்பது இக்கரையோரத்தார் யாவர்க்கும் பெருமை தருவதாகும்.

தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அயலயலாக வாழும் இத்தீவிலே, தத்தம் இனத்தைப் புகழும் கவிகளுக்குப் பஞ்சமில்லை. தம் இனத்தின் குறையைச் சிரித்துச் சுட்டும் கவிகளோ மிகச் சிலர். கண்மூடிய பற்று நாட்டைக் காவாது. அது குறையை மறைத்து நோயை வளர்க்கும். எனவே பாரதியாரின் விழாவெடுக்கும் நாம், அவர் கிளிக்குச் சொன்ன நகைப்புரை நம்மையும் குறித்ததோவென ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக. அதுவே அவர்க்கு நாம் செலுத்தும் உண்மை வணக்கமாகும்.