அம்மை கண்டவர்களின் அருகிருந்த முனிவர்



ஸ்பிரிங்வெளித் தோட்டத்து லயமொன்றில் ஒருவருக்கு மனம் பேதலித்துவிட்டால் என்ன நடக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள். நூல் கட்டுவோம், மந்திரிப்போம், நேர்ச்சை வைப்போம். பிறகு கதவைச் சாத்தி வைப்போம். அயலார் வரவு குறையும். நோயின்மேல் இன்னொரு நோயாகத் தனிமை வந்து சேரும். அந்த இரண்டாம் நோயைத் தம் வாழ்வால் போக்கிய ஒருவரை இன்று நினைவுகூருவோம்.

புனித யோசேவ் வாஸ் அடிகளார் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் கோவாவிலுள்ள பெனவுலிம் கிராமத்தில் பிறந்தார். 1676இல் குருவானார். அப்போது இலங்கையின் கரையோரங்களை ஆண்ட ஒல்லாந்தர் கத்தோலிக்க மறையைத் தடைசெய்திருந்தனர். குருக்களின்றித் தவித்த மக்களைத் தேடி, 1687இல் கூலியாள் கோலத்தில், யோவான் என்னும் பணியாளரோடு தூத்துக்குடியில் தோணியேறி யாழ்ப்பாணம் வந்தார்.

வந்ததும் வயிற்றோட்டம் கண்டது. தொற்றுக்கு அஞ்சிய மக்கள் இருவரையும் ஒதுக்கிவிட்டார்கள் என்றும், ஏழைப் பெண்ணொருத்தி கொண்டுவந்த கஞ்சியே அவர்களைப் பிழைக்க வைத்தது என்றும் வழிவழியாகச் சொல்வர். கைவிடப்பட்டவனின் மனம் எப்படியிருக்கும் என்பதை அடிகளார் நூலில் படித்து அறியவில்லை, பட்டு அறிந்தார்.

1692இல் கண்டிக்குச் சென்றபோது, போர்த்துக்கேய ஒற்றன் என்ற சந்தேகத்தில் காவலில் வைக்கப்பட்டார். அங்கே சிங்களம் கற்றார். தமிழிலும் சிங்களத்திலும் மக்களோடு பேசினார். துயரப்படுகிறவனுக்கு அவன் தாய்மொழியில் சொல்லும் ஆறுதலே நெஞ்சில் இறங்கும் அல்லவா?

1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. அரசனும் பிரபுக்களும் நகரைவிட்டு அகன்றனர். அம்மையைப் பத்தினித் தெய்வத்தோடும் மாரியம்மனோடும் சேர்த்து எண்ணுவது நம் நாட்டு வழக்கம். நோயாளியைக் குளிர்ச்சியாகவும் அமைதியாகவும் வைத்துக் காக்கும் நல்ல மரபும் அதில் உண்டு. ஆனால் அச்சம் மிஞ்சியபோது அந்த மரபும் மறந்துபோயிற்று. பெற்றவரையும் பிள்ளையையும் காட்டில் விட்டுவிட்டு ஓடினார்கள்.

அடிகளாரும் அவருடைய உறவினரான யோசேவ் கர்வாலோ அடிகளாரும் ஓடவில்லை. நோயாளரைத் தேடிப்போய் உணவும் மருந்தும் கொடுத்தனர், புண்களைக் கழுவினர், இறந்தோரை அடக்கம் செய்தனர். பௌத்தரா, இந்துவா, கிறிஸ்தவரா என்று கேட்கவில்லை. மருந்தால் பிழைத்தவர் சிலராயிருக்கலாம். ஆனால் அவர் அருகிருந்த எவரும் அநாதையாகச் சாகவில்லை.

அடிகளார் 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் கண்டியில் இறைவனடி சேர்ந்தார். 2015இல் கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

வாசகர்களே, நம் முன்னோர் மன்னாரிலிருந்து கண்டிச்சீமைக்கு நடந்துவந்த கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். வழியில் அம்மையும் வாந்திபேதியும் கண்டவர்களைக் காட்டிலே விட்டுவிட்டு நடந்தவர்களும் உண்டு. அந்த வேதனை நம் குடும்பங்களின் நினைவில் இருக்கிறது. பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக 1980இல் அறிவிக்கப்பட்டது. ஆனால் நோயாளியை விட்டு விலகும் பழக்கம் ஒழியவில்லை.

மனநோய் சாபமுமல்ல, பாவத்தின் கூலியுமல்ல. சிகிச்சையளிக்கக்கூடிய நோய். கோவிலுக்கு நேர்ந்துகொள்வதையோ நவநாள் செபத்தையோ விடச் சொல்லவில்லை. அவை மனத்துக்குத் தெம்பு தரும். ஆனால் நேர்ச்சையைக் காரணம்காட்டி வைத்தியரிடம் போகத் தாமதிக்காதீர்கள். பதுளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். துணைக்கு நீங்களும் போங்கள். திரும்பி வந்தபின் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒரு கோப்பைத் தேநீர் குடியுங்கள்.

அடுத்த காம்பிராவில் கதவு சாத்தியிருக்கிறதா? இன்று மாலை கொழுந்து நிறுத்துவிட்டு வரும்போது, அதை ஒருமுறை தட்டிப் பாருங்கள்.